மணி அடிப்பது யார்?

கத்தரிக்காய் நறுக்கும்போது அரிவாள்மணை விரலைப் பதம் பார்த்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "அம்மாடி!" என்று கையை உதறுகிறீர்கள். விரலைச் சட்டென்று வாயில் வைத்துக்கொள்கிறீர்கள். பிறகு ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, அடுப்பில் கொதிக்கும் குழம்பைக் கவனிக்கப் போய்விடுகிறீர்கள். சில நாள் கழித்துத் துணியை அவிழ்த்தால் புண் ஆறியிருக்கிறது. புதுத் தோல் வளர்ந்து, பிளவை மூடி, பழைய மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டிருக்கிறது.

"இதில் என்ன அதிசயம்?" என்று கேட்பீர்கள். தோல் வளர்ந்தது கூட அதிசயமில்லை; சொல்லி வைத்தாற்போல் நின்றதே, அதுதான் அதிசயம். வளரும்படி அதற்கு உத்தரவு போட்டது யார்? "போதும்" என்று நிறுத்தியது யார்? உத்தரவு இல்லாமலே வளர்ந்துகொண்டு, நிறுத்தச் சொன்னாலும் நிற்காமல் போகிற உயிரணுக் கூட்டத்துக்குத்தானே புற்று நோய் என்று பெயர்! ஆகவே விரலில் பட்ட சின்னக் காயத்தைப் பற்றிய கேள்வியும், மார்பில் தட்டுப்படும் கட்டியைப் பற்றிய கேள்வியும் ஒன்றுதான்.

இந்தக் கேள்விக்கு முதல் விடை ஒரு பெண்மணியின் படுக்கையறையிலிருந்து புறப்பட்டது.

தையல் ஊசியும் கோழி முட்டையும்

இத்தாலியில் டூரின் நகரத்தில் 1909-ல் பிறந்தவர் ரீட்டா லெவி-மொண்டால்சினி. தகப்பனாருக்குப் பெண்கள் காலேஜில் படிப்பதில் சம்மதமில்லை. ரீட்டா எப்படியோ அவரைச் சம்மதிக்க வைத்து வைத்தியப் பட்டமும் பெற்றுவிட்டார். அடுத்த கஷ்டம் முஸோலினி ரூபத்தில் வந்தது. யூதர்கள் சர்வகலாசாலைகளில் வேலை பார்க்கக் கூடாது என்று 1938-ல் சட்டம் போட்டார்கள். ரீட்டா யூதப் பெண்.

வேறு யாராவது இருந்தால் ஆராய்ச்சியை மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். ரீட்டா தம் படுக்கையறையையே ஆராய்ச்சிக்கூடமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டித் தீட்டி நுண்ணிய கத்திகளாகச் செய்துகொண்டார். கடிகாரம் பழுது பார்ப்பவர்களின் இடுக்கி ஒன்று கிடைத்தது. ஆராய்ச்சிப் பொருளோ, கோழி முட்டைக்குள் வளரும் கரு. குண்டுவீச்சுக்குப் பயந்து குடும்பம் கிராமத்துக்குப் போனபோது, அங்கே வீடு வீடாகச் சைக்கிளில் போய், "என் குழந்தைகளுக்கு" என்று சொல்லி முட்டை வாங்கி வந்தாராம்! அவருக்குக் கல்யாணமும் ஆகவில்லை, குழந்தையும் இல்லை. ஆராய்ச்சி முடிந்த முட்டைகள் வீணாகவில்லை. யுத்தப் பஞ்ச காலத்தில் அவை சாப்பாட்டு மேஜைக்குப் போயின. விஷயம் தெரிந்த பிறகு சகோதரருக்கு முட்டைப் பண்டத்தின் மேலேயே பிரியம் போய்விட்டது என்று கேள்வி.

யுத்தம் முடிந்தபின் 1947-ல் ரீட்டா அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போனார். அங்கே ஒரு விசித்திரம் கண்டார். சுண்டெலியின் புற்றுக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துக் கோழிக் கருவில் ஒட்டினால், கருவின் நரம்புகள் தறிகெட்டு வளர்ந்தன. கட்டியிலிருந்து ஏதோ ஒன்று கசிந்து, நரம்புகளுக்கு வளரும்படி ஆணையிடுகிறது என்று அவர் ஊகித்தார். அதை நிரூபிக்க 1952-ல் கட்டி வளர்ந்த இரண்டு சுண்டெலிகளைத் தம்முடன் ஒளித்து எடுத்துக்கொண்டு, ரியோ டி ஜெனிரோவுக்கு விமானம் ஏறினார்! அங்கே ஒரு சிநேகிதியின் ஆராய்ச்சிக்கூடத்தில், கண்ணாடித் தட்டில் வைத்த நரம்புத் துணுக்கு, கட்டியின் பக்கத்தில் சூரியனைச் சுற்றிக் கதிர் கிளம்புவது போல் இழை விட்டது. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட வளர்ச்சித் தூண்டி அதுதான்.

அதைப் பிரித்தெடுக்கும் வேலையில் ஸ்டான்லி கோஹன் என்பவர் வந்து சேர்ந்துகொண்டார். பிரித்தெடுக்க உதவியாக இருக்கட்டும் என்று பாம்பு விஷத்தைச் சேர்த்துப் பார்த்தார். பார்த்தால், விஷத்திலேயே அந்தத் தூண்டி ஏராளமாக இருந்தது! பாம்புக்கு விஷம் ஊறுவது உமிழ்நீர்ச் சுரப்பி போன்ற ஓர் இடத்தில். அப்படியானால் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்குமோ? இருந்தது. அதன் சாற்றைப் பிறந்த எலிக் குஞ்சுகளுக்கு ஊசி போட்டபோது, எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. பதினான்காம் நாள் வாக்கில் கண் திறக்க வேண்டிய குஞ்சுகள் ஏழாம் நாளே கண்ணைத் திறந்து பார்த்தன. பல்லும் முன்னதாகவே முளைத்தது. நரம்புத் தூண்டிக்குக் கண்ணைத் திறக்கும் சக்தி கிடையாது; சாற்றில் வேறொரு தூண்டியும் இருக்க வேண்டும் என்று கோஹன் கண்டார். தோலை வளர்க்கும் தூண்டி அது. உங்கள் விரல் காயத்தை மூடுகிற கூட்டத்திலும் அது உண்டு. மனிதர் உமிழ்நீரிலும் கொஞ்சம் உண்டு. (இதைப் படித்துவிட்டு, காயம்பட்ட விரலை வாயில் வைப்பதுதான் சிகிச்சை என்று யாரும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். வாயில் கிருமிகளும் உண்டு.)

1986-ல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். ரீட்டா 103 வயது வரை வாழ்ந்து 2012-ல் காலமானார்.

வாசலில் ஒரு மணி

தூண்டி எப்படி உத்தரவு கொடுக்கிறது? உயிரணுவை ஒரு வீடு என்று எண்ணிக்கொள்ளுங்கள். தூண்டி தபால்காரன் மாதிரி. அவன் வீட்டுக்குள் நுழைவதில்லை. வாசலில் இருக்கும் மணியை அழுத்துகிறான்; உள்ளே மணி அடிக்கிறது; கூடத்தில் இருப்பவர் சமையலறைக்குச் சொல்ல, அங்கிருந்து பின்கட்டுக்குச் செய்தி போக, கடைசியில் வீட்டின் நடுவே இருக்கும் எஜமானருக்கு, "வளர வேண்டுமாம், இரண்டாகப் பிரிய வேண்டுமாம்" என்று சமாசாரம் எட்டுகிறது. தபால்காரன் போனதும் மணி ஓய்ந்துவிடும். இந்த வாசல் மணிக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் ‘ஏற்பி’.

மணியில் கோளாறு ஏற்பட்டால் என்ன ஆகும்? யாரும் வராமலே ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். வீட்டுக்காரரோ ஒவ்வொரு மணிக்கும் கீழ்ப்படிகிறவர். வளர்ச்சிக்கு ஏது முடிவு?

பாஸ்டன் நகரத்தை அடுத்த எம்.ஐ.டி. என்ற புகழ் பெற்ற கல்வி நிலையத்தில் ராபர்ட் வைன்பெர்க்கின் குழுவில் 1980-களின் தொடக்கத்தில் இப்படி ஒரு கோளாறான மணியின் தடயத்தை எலிக் கட்டிகளில் கண்டார்கள். லக்ஷ்மி சரண் பாதி என்ற நம் நாட்டு விஞ்ஞானி அந்த ஆராய்ச்சியில் முக்கிய பங்கு கொண்டவர். மனிதரில் அதே மணியை உண்டாக்கும் ஜீனை, ‘ஜெனென்டெக்’ கம்பெனியில் இருந்த ஆக்ஸெல் உல்ரிச் 1985-ல் கண்டறிந்தார். அதற்கு ‘ஹெர்-2’ என்று பெயர் ஏற்பட்டது. இங்கிலீஷில் ‘ஹெர்’ என்றால் ‘அவளுடைய’ என்று அர்த்தம். நீண்ட பெயர் ஒன்றின் முதலெழுத்துக்கள் தற்செயலாக அப்படி அமைந்தன. ஆனால் விதி வேண்டுமென்றே வைத்த பெயர் போலத்தான் இருக்கிறது.

எப்படி என்கிறீர்களா? லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் டெனிஸ் ஸ்லாமன் என்ற டாக்டர், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைச் சேகரித்துக் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். உல்ரிச் கொடுத்த ஜீனை வைத்துக்கொண்டு அவற்றைச் சோதித்தார். 189 மார்பகக் கட்டிகளில் ஏறக்குறைய நூற்றுக்கு 30-ல் இந்த ஜீன் ஒன்றுக்குப் பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. (பிற்காலக் கணக்குகளில் இது 15 முதல் 20 வரை என்று தெரிந்தது.) சாதாரண உயிரணுவின் வாசலில் சில பத்தாயிரம் மணிகள் இருக்கும்; இந்தக் கட்டிகளில் இருபது லட்சம் வரை! அவ்வளவு நெருக்கத்தில் மணிகள் ஒன்றோடொன்று உரசித் தாமாகவே அடிக்கின்றன, தபால்காரனே தேவையில்லை. இப்படிப்பட்ட கட்டி உள்ள பெண்களுக்கு வியாதி சீக்கிரம் திரும்பி வந்தது, ஆயுளும் குறைந்தது. 1987-ல் இது வெளியாயிற்று. அன்றைக்கு ‘ஹெர்-2 உண்டு’ என்று சொல்வது ஒரு கெட்ட சேதி. அதற்குமேல் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஜீன் என்றதும் "ஐயோ, என் பெண்ணுக்கும் வருமோ?" என்று தாய்மார்கள் கலங்குவார்கள். இந்தப் பெருக்கம் கட்டிக்குள் மட்டும் நேர்வது. தாயிடமிருந்து மகளுக்குச் சொத்து போல் வருவதல்ல. பரம்பரையாக வரும் ஜீன் கோளாறுகள் வேறு இருக்கின்றன. அது தனிக் கதை.

முகப் பவுடர் பணம்

மணி ஓயாமல் அடித்தால் அதன் மேல் கையை வைத்துப் பொத்திவிட்டால் என்ன? யோசனை எளிது. ஜெனென்டெக் விஞ்ஞானிகள் ஹெர்-2 மணியில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஓர் ‘எதிர்ப்பொருளை’ எலிகளின் உடம்பில் உண்டாக்கினார்கள். கிருமிகள் வந்தால் நம் உடம்பே தயாரிக்கிறதே, அந்த ஜாதிதான். கண்ணாடித் தட்டில் கட்டி வளர்வது நின்றது. ஆனால் எலிச் சரக்கை மனித உடம்பு ஏற்குமா? அந்நியன் என்று விரட்டும். ஆகவே மணியைப் பிடிக்கும் விரல் நுனிகளை மட்டும் எலியுடையதாக வைத்துக்கொண்டு, மற்ற உடம்பு முழுவதையும் மனிதருடையதாக மாற்றி அமைத்தார்கள். ‘டிராஸ்டுஸுமாப்’ என்ற வாய்க்குள் நுழையாத பெயரும், ‘ஹெர்செப்டின்’ என்ற வியாபாரப் பெயரும் கொண்ட மருந்து இப்படித்தான் பிறந்தது.

கம்பெனிக்கு முதலில் அவ்வளவாக உற்சாகமில்லை. புற்று நோய் மருந்துகளில் பணம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் அநேகர். அப்போது உதவிக்கு வந்தது யார் தெரியுமா? உதட்டுச் சாயமும் முகப் பவுடரும் விற்கும் ‘ரெவ்லான்’ கம்பெனி! தம் கணவருக்கு ஸ்லாமன் வைத்தியம் பார்த்த நன்றியை மறவாத லில்லி டார்டிகாஃப் என்ற மாது, ரெவ்லான் முதலாளியைப் பிடித்து, ஸ்லாமனின் ஆராய்ச்சிக்கு நன்கொடை வாங்கிக் கொடுத்துவிட்டார். பெண்கள் அலங்காரத்துக்குச் செலவழிக்கும் காசு வீண் என்று சொல்லும் கணவன்மார்களுக்கு இந்தப் பாராவைக் காட்டலாம்.

1992-ல் நோயாளிகளிடம் பரீட்சை ஆரம்பமாயிற்று. முதலில் சேர்ந்த சிலரில் ஒரு பெண்மணிக்குக் கழுத்தருகே கட்டி பரவியிருந்தது. தொட்டுப் பார்க்கும் இடத்தில் இருந்ததால், அது நாளுக்கு நாள் இளகிக் கரைவதை அவர் தம் விரலாலேயே அறிந்தார். ஆனால் எல்லோருக்கும் அப்படி ஆகவில்லை. சிலருக்கு மருந்து கேட்கவேயில்லை.

மருந்து இருக்கிறது என்ற செய்தி பரவியதும், பரீட்சையில் சேர முடியாத நோயாளிகள் கம்பெனியிடம் கெஞ்சினார்கள். கலிபோர்னியாவில் ஒரு பெண் டாக்டர். அவருக்கே இந்த வியாதி. தம் கட்டி ஹெர்-2 ஜாதிதான் என்று தெரிந்துகொண்டு, மருந்து கேட்டார். பரீட்சை முடியாத மருந்தை வெளியே கொடுப்பதற்கில்லை என்று மறுத்துவிட்டார்கள். 1994-ல் அவர் இறந்துபோனார். அவருடைய சிநேகிதிகளும் மற்றப் பெண்களும் சவ ஊர்வலம் போல் வரிசையாகக் கார்களை ஓட்டிக்கொண்டு கம்பெனியின் வாசலுக்கே போய்விட்டார்கள். கம்பெனியின் கட்சியிலும் நியாயம் இல்லாமலில்லை. அப்போது மருந்து கொஞ்சமாகத்தான் உற்பத்தியாயிற்று, பரீட்சை குழம்பினால் யாருக்குமே மருந்து கிடைக்காமல் போகலாம். ஆனாலும் சாகக் கிடக்கிறவளிடம் அந்த நியாயத்தை எப்படிச் சொல்வது? அடுத்த ஆண்டில், பரீட்சைக்கு வெளியே இருப்பவர்களிலும் சிலருக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு மருந்து கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். உயிருக்குச் சீட்டுக் குலுக்கல்! எழுதும்போதே என்னவோ செய்கிறது.

1998 செப்டம்பரில் அமெரிக்க சர்க்கார் மருந்தை அனுமதித்தது. வியாதி வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்ட 469 பெண்களிடம் நடந்த பரீட்சையில், வழக்கமான மருந்து மட்டும் பெற்றவர்களில் சரி பாதிப் பேர் 20 மாதத்துக்கு மேல் உயிருடன் இருந்தார்கள். ஹெர்செப்டினும் சேர்ந்தால் அந்தக் காலம் 25 மாதம். "ஐந்து மாதத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? பொறுங்கள். வியாதி பரவுவதற்கு முன்பே, ஆபரேஷன் ஆனவுடன் கொடுத்துப் பார்த்த பரீட்சைகளின் முடிவு 2005-ல் வந்தது. நோய் திரும்பி வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. அமெரிக்காவில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், பத்து வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள் மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 75; பெற்றவர்களில் 84.

இந்த வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. இதே மணி இருதயத் தசையின் வாசலிலும் இருக்கிறது. மருந்து அங்கேயும் போய்ப் பொத்துகிறது. சிலருக்கு இருதயத்தின் பலம் தளர்கிறது. இருதயத்தைப் பாதிக்கும் வேறொரு வகை மருந்தைக் கூடவே கொடுத்தபோது, நாலில் ஒருவருக்கு மேல் இந்தத் தொல்லை கண்டது. அதனால் இப்போது அந்த இரண்டையும் பொதுவாகச் சேர்ந்தாற்போல் கொடுப்பதில்லை. ஆரம்பிக்கும் முன்பும், பிறகு சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ‘எக்கோ’ எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்தினால் இருதயம் பழைய பலத்துக்குத் திரும்பிவிடும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றால் "வேலை அதிகம், அதனால்தான்" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சிகிச்சையின்போது கர்ப்பம் தரிக்கவும் கூடாது; சிசுவுக்கு ஆபத்து.

மற்ற மணிகளுக்கும் மருந்துகள் வந்துவிட்டன. கோஹன் கண்ட தோல் தூண்டியின் மணி சில நுரையீரல் புற்றுகளில் கோளாறாகிவிடுகிறது. சிகரெட்டைத் தொட்டே அறியாத பெண்களிடம் இது அதிகம் என்று 2004-ல் தெரிந்தது. அதற்கு மாத்திரையே இருக்கிறது. முகத்தில் பரு பருவாகக் கிளம்பும். தோலுக்கும் அதே மணிதானே! புற்று உயிரணுவும் லேசுப்பட்டதல்ல. வாசலை அடைத்தால் கொல்லைப்புறமாக வழி தேடும். அதனால் இரண்டு இடத்தில் பொத்துகிற ஜோடி மருந்துகள், மணியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளே விஷப் பொட்டலத்தை வீசுகிற மருந்துகள் எல்லாம் வந்திருக்கின்றன. மணி கொஞ்சமாக இருக்கிற சில கட்டிகளுக்கும் இந்தப் பொட்டல மருந்து உதவும் என்று 2022-ல் தெரிந்தபோது, மருத்துவர் மகாநாட்டில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

காசும் காகிதமும்

இந்த மருந்தை உப்பும் புளியும் கலப்பது போல் ரசாயனங்களைக் கலந்து செய்ய முடியாது. வெள்ளெலி ஒன்றின் உயிரணுக்களைப் பெரிய பெரிய அண்டாக்களில் வளர்த்து, அவை சுரப்பதை வடிகட்டி எடுக்க வேண்டும். அதனால் விலை அதிகம்; மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக ஒரு வருஷம் ஏற்ற வேண்டும் என்றால் நடுத்தரக் குடும்பத்தின் கதி என்ன? நல்ல வேளையாக, பெங்களூரிலுள்ள ‘பயோகான்’ கம்பெனி இதை ஒத்த மருந்தை 2014-ல் நம் நாட்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு வேறு கம்பெனிகளும் இறங்கின; விலையும் இறங்கிற்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல் இதை அத்தியாவசிய மருந்துகளின் ஜாபிதாவில் சேர்த்தது. பொட்டல மருந்து ஒன்றுக்கும், நுரையீரல் மாத்திரை ஒன்றுக்கும், இன்னொரு புற்று மருந்துக்கும் 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்க வரியை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் எந்த மருந்தும், கட்டி எந்த ஜாதி என்று தெரிந்த பிறகுதான். மணி பெருகாத கட்டிக்கு ஹெர்செப்டினைக் கொட்டினாலும் பலன் இராது. ஆகவே உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ யாருக்காவது மார்பகக் கட்டி புற்று என்று ஊர்ஜிதமானால், பரிசோதனைக் காகிதத்தில் ‘ஹெர்-2’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் டாக்டரைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பக்கத்தில் 0 அல்லது 1 என்று இருந்தால் மணிகள் பெருகவில்லை. 3 என்றால் பெருகியிருக்கின்றன. முன்னாளில் கெட்ட சேதியாக இருந்த அந்த 3, இன்றைக்கு, "இதற்கென்றே மருந்து இருக்கிறது" என்று சொல்லும் எண். 2 என்றால் சந்தேகம். ‘ஃபிஷ்’ என்ற இன்னொரு பரிசோதனை வேண்டும். (மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சைவர்கள் பயப்பட வேண்டாம்.) அதற்காக மறுபடியும் ஊசி குத்த வேண்டியிருக்குமோ என்று தயங்க வேண்டியதில்லை. முதலில் எடுத்த துணுக்கை மெழுகுக் கட்டிக்குள் பதித்து ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள். அங்கே ‘ஃபிஷ்’ செய்யும் வசதி இல்லையென்றால், அந்த மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், வசதி உள்ள வேறு இடத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.